எவ்வளவு போகும்?

பாகப்பிரிவினை நாளில் நம் வீடுகளில் எதுவும் கணக்கில் தப்பியதில்லை. பித்தளை அண்டாவை எடை போட்டோம். வெள்ளிக் குத்துவிளக்கு மூத்த மருமகளுக்கா, கடைசி மகளுக்கா என்று அரை நாள் பேசினோம். தேக்குக் கட்டில், தையல் மெஷின், ஆட்டுக்கல் வரை யார் பங்கில் எது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தோல் உறைக்குள் கிடந்த கேமராவை மட்டும் யார் பங்கிலும் எழுதவில்லை. "அது எதுக்கு? ஓடாது" என்றார் ஒருவர். மற்றவர்கள் மறுக்கவில்லை. யாருக்கும் வேண்டாததால் அது வீட்டோடு தங்கியவரின் பரணுக்கு ஏறியது. சண்டை வராத ஒரே சொத்து அதுதான்.

2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து ஏலத்தில் ஒரு பழைய லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். இப்படி ஒரு செய்தி வந்தால்தான் நமக்குப் பரண் நினைவுக்கு வருகிறது. ஏணி வைத்து ஏறுகிறோம், தூசி தட்டுகிறோம், குழல்விளக்கு வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து, கேமரா தெரிந்தவர் என்று பேர் வாங்கிய யாருக்காவது அனுப்புகிறோம். கூடவே ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு போகும்?

அந்தச் செய்தியின் மறுபாதியை நம்மில் அநேகர் படிக்கவில்லை. அது 1923-ல் சோதனைக்காகச் செய்யப்பட்ட இருபத்துச் சொச்சம் கேமராக்களில் ஒன்று. அதே வரிசையைச் சேர்ந்த இன்னொன்று 2018-ல் வியன்னாவில் 24 லட்சம் யூரோவுக்கு விற்றிருந்தது. 2022-ல் விற்றதை வைத்திருந்தவரோ லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக். அவருடைய பெயர் வியூஃபைண்டர் மேல் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே வரிசை. விலை மட்டும் இத்தனை தூரம் விலகிப் போனதற்கு, அது யார் கையில் இருந்தது என்பதும் அதற்குச் சான்று இருந்ததும் பெரிய காரணம். நாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டது இந்தச் சான்றுகளைத்தான்: ரசீது, நெகட்டிவ் உறை, பின்பக்கம் தேதி எழுதிய படங்கள்.

அனுப்பிய போன் படத்துக்குப் பதில் வந்தது: "கேமரா பேர் என்ன?" முன்பக்கத்தில் லென்ஸைச் சுற்றி ஓடும் எழுத்தைப் பார்த்து 'காம்பூர்' என்று எழுதி அனுப்பினோம். காம்பூர் என்பது ஷட்டரின் பெயர். மியூனிக் நகரத்து டெக்கல் நிறுவனம் 1912 முதல் செய்து, ஊர்ப்பட்ட கம்பெனிகளின் கேமராக்களில் பொருத்திய ஷட்டர் அது. கார் என்ன கார் என்று கேட்டவரிடம் டயரின் பெயரைச் சொன்ன மாதிரி. சிலர் லென்ஸில் இருப்பதைப் படித்து 'டெஸ்ஸார் கேமரா' என்றார்கள். அதுவும் கேமரா இல்லை. 1902-ல் ஜெய்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற லென்ஸ் வடிவம். கேமராவின் சொந்தப் பெயர் பெரும்பாலும் இப்படிப் பளிச்சென்று இருக்காது. முதுகுத் தோலில் அழுத்திய எழுத்தாகவோ, மூடியின் உள்பக்கமோ, தோல் வாரிலோ இருக்கும். ஜெய்ஸ் இகான் கம்பெனி பல மாடல்களில் 521/2 என்பது போன்ற எண்ணைத் தோலில் அழுத்தி வைத்ததோடு சரி. மையில்லாத அச்சு. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் தெரியும். நாம் அதைக் கீறல் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தோம்.

வயது விஷயத்தில் நாம் சொன்ன பொய்களுக்கு அளவில்லை. எந்தக் கேமராவானாலும் நூறு வருஷம், எந்தத் தாத்தாவானாலும் வெள்ளைக்காரத் துரை கையால் வாங்கினார். ஜெர்மன் கேமராவின் அடியில் 'யு.எஸ். ஸோன்' என்று இருந்தால் அது போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே இருந்த 1940-களின் பிற்பாதியில் செய்தது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் 1952-க்கு முந்தியது. அமெரிக்க கோடாக் லென்ஸில் இன்னும் வேடிக்கை. 'கேமரோசிட்டி' என்று பத்து எழுத்தில் ஒரு சொல்லை உருவாக்கி, சி என்றால் 1, ஏ என்றால் 2, எம் 3, இ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, கடைசி ஒய் என்றால் 0 என்று வைத்துக்கொண்டார்கள். லென்ஸின் எண்ணுக்கு முன்னால் 'இ எஸ்' என்று இரண்டு எழுத்து இருந்தால் 1947. லைக்காவிலோ மேல்தகட்டில் உள்ள வரிசை எண்ணைக்கொண்டு ஆண்டைச் சொல்லும் பட்டியல்கள் பல காலமாகவே கிடைக்கின்றன. குறுக்கெழுத்துப் போட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்கள் நாம். ஒரு பூதக்கண்ணாடியும் கால் மணி நேரமும் கேட்கிற இந்த வேலையை ஒரு தரம் செய்து பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். நம் பரண்களில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை விலைக்கு ஆகாதவை. நூறாண்டு என்று நாம் சத்தியம் செய்த கேமராக்களில் பாதி அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, வெயிலுக்கு ஒன்று மேகத்துக்கு ஒன்று என்று ஒரு சின்ன நெம்புகோல், ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். பள்ளிச் சுற்றுலாவும் குலதெய்வக் கோயில் மொட்டையும் இதில்தான் பதிவாயின. அவ்வளவு பேரிடம் இருந்ததால்தான் இன்று அதற்கு விலை இல்லை. ரஷ்ய ஜெனிட் இ மாடல் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இரும்புக் குண்டு போல் கனக்கும், விலை கனக்காது. அதே பரணில் இரண்டு கண் வைத்த கேமரா இருந்தால் சற்று நிதானிக்க வேண்டும். ரோலிஃப்ளெக்ஸும் அதன் தம்பி ரோலிகார்டும் ஒரே பிரவுன்ஷ்வைக் தொழிற்சாலையில் பிறந்தவை, தூரத்தில் பார்த்தால் ஒரே முகம். பக்கவாட்டில் பிலிம் சுற்றுவதற்கு மடக்கும் கைப்பிடி இருந்தால் பெரும்பாலும் ரோலிஃப்ளெக்ஸ், வெறும் திருகு என்றால் பெரும்பாலும் ரோலிகார்டு. நல்ல நிலையில் உள்ள பிற்கால 2.8 ரோலிஃப்ளெக்ஸ் லட்சத்தைத் தாண்டும். ரோலிகார்டு அதில் சிறு பங்குதான் தேறும். யாஷிகாவும் இதே சாயல். மூன்றையும் 'ரெண்டு லென்ஸ் கேமரா' என்ற ஒரே பெயரில் ஒரே விலைக்குக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் ஏன் பேரம் பேசாமல் போனார் என்று பிறகு வியந்தோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒன்றுமில்லாததை வைரம் என்று நம்பி மார்தட்டினோம். சோவியத் நாட்டில், இப்போது உக்ரைனிலுள்ள கார்கிவ் நகரில், 1934 முதல் லைக்காவைப் பார்த்து 'ஃபெட்' கேமரா செய்தார்கள். செய்த இடம் அநாதைச் சிறுவர்களுக்காக நடந்த ஒரு பட்டறைப் பள்ளி. அதை நிர்வகித்தவர் மகரென்கோ. சோவியத் வெளியீடுகள் மலிவாகக் கிடைத்த நாளில் நம்மவர்கள் ஆசையோடு வாங்கிப் படித்த அதே மகரென்கோதான். போருக்குப் பிறகு 'ஜோர்க்கி' வந்தது. இந்த இரண்டையும் பிற்காலத்தில் சிலர் தேய்த்து, மேலே லைக்கா என்று பொறித்து, பொன் பூசி, ஜெர்மன் ராணுவச் சின்னம் வைத்து விற்றார்கள். பொன்னும் கழுகும் பளபளத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் பாலபாடம். லென்ஸைக் கழற்றி உள்ளே மேலே பார்த்தால் லென்ஸின் பின்விளிம்பைத் தொடும் ஒரு கை இருக்கும். லைக்காவில் அதன் நுனியில் ஒரு குட்டி உருளைச் சக்கரம். ஃபெட், ஜோர்க்கியில் சக்கரம் இல்லாத ஆப்பு வடிவ நுனி. அரை நிமிட வேலை. நாம் அதைச் செய்யவில்லை; மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் 'எங்க வீட்ல லைக்கா இருக்கு' என்று சொல்லி வைத்தோம்.

கேமரா மீது நாம் செய்த கைவரிசைகளைத் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்ததைப் பாதுகாப்பு என்று நினைத்தோம். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அந்தத் தோல் உறைதான் பூஞ்சைக்குத் தாய்வீடு. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஊட்டும். கண்ணாடி மேல் சிலந்தி வலை போலப் படரும் அந்தப் பூஞ்சை முற்றினால் பூச்சைத் தின்று கண்ணாடியிலேயே தழும்பு போட்டுவிடும். அதன் பிறகு துடைத்தும் பயனில்லை. ஷட்டர் இறுகிப்போனதற்குக் காரணம் பழைய கிரீஸ் பிசினானது. அதைக் கழுவி எடுக்க வேண்டிய இடத்தில் நாம் தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். அந்த எண்ணெய் ஷட்டர் இதழ்களில் பரவி, அவை மொத்தமாக ஒட்டிக்கொண்டன. கறுப்புப் பூச்சு தேய்ந்து மூலையில் பித்தளை தெரிந்த கேமராவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிராஸோ போட்டு விளக்கினோம். அந்தத் தேய்மானத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உலகத்தில் உண்டு என்பது நமக்குத் தெரியாது. தேய்த்த பிறகு தோலின் மடிப்புகளில் மிஞ்சியது முந்தைய பூஜைகளின் குங்குமம் மட்டும். அதையாவது விட்டு வைத்திருக்கலாம். இந்தக் கேமரா இந்த மண்ணில் பிழைப்புக்கு உழைத்தது என்று சொல்ல அதைவிட நல்ல முத்திரை ஏது? அழுத குழந்தைக்கு விளையாடக் கொடுத்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் பொருளுக்கு நேர்ந்த சேதம். இதைவிடப் பெரிய சேதம் வேறு, அது ஒரு நொடியில் நடந்தது. கேமரா கைக்கு வந்ததும் நாம் செய்த முதல் காரியம் பின்மூடியைத் திறந்தது. உள்ளே பிலிம் இருக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை. நடுப்பகலில், திண்ணையில், நாலு பேர் சூழ நிற்கத் திறந்தோம். 'அட, ரோல் இருக்கு!' என்று ஆச்சரியமாகச் சொல்லி வெளியே உருவி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தும் பார்த்தோம். கழுவாத பிலிமில் எதுவும் தெரியாது என்பதும், அப்படிப் பிடித்துப் பார்த்ததாலேயே இனி எப்போதும் எதுவும் தெரியாது என்பதும் நமக்கு உறைக்கவில்லை. கேமராவை வைத்திருந்தவர் கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருந்திருக்கும். ரோல் முடியட்டும், பண்டிகைக்குப் பேரப்பிள்ளைகள் வந்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டுக் கழுவக் கொடுக்கலாம் என்று வைத்திருந்திருப்பார். அந்தக் காலத்தில் ஒரு ரோலை மாதக்கணக்கில் இழுப்பது எல்லா வீட்டிலும் உண்டு.

திறக்காமல் பார்க்க வழி இருந்தது. 35 மில்லிமீட்டர் கேமராவில் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்பினால், உள்ளே பிலிம் இருந்தால் விரலுக்கு ஓர் இறுக்கம் தெரியும். பெட்டி கேமராவிலும் கிளிக்கிலும் முதுகில் சிவப்பு ஜன்னல் இருக்கும். அதில் எண் தெரிந்தால் ரோல் உள்ளே என்று அர்த்தம். மேற்கொண்டு கடைசிவரை சுற்றிவிட்டு, இருட்டில் எடுத்தால் போதும். தெரியாமல் திறந்துவிட்டால்கூட உடனே மூடினால் சுருளின் உள்சுற்றுகள் பல சமயம் பிழைத்திருக்கும். கறுப்பு வெள்ளை ரோல் என்றால் நாற்பது வருஷம் கிடந்ததைக்கூடக் கழுவி, மங்கலாகவாவது முகங்களை மீட்டவர்கள் இருக்கிறார்கள். கலரில்தான் சிக்கல். பழைய கோடாகலரைக் கழுவிய சி-22 முறை 1970-களிலேயே வழக்கொழிந்தது. கோடாக்ரோமைக் கழுவிய உலகின் கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 இறுதியோடு அதை ஏற்பதை நிறுத்தியது. அவற்றையும் இப்போது கறுப்பு வெள்ளையாகக் கழுவி ஏதோ கொஞ்சம் எடுக்கலாம். 2010 வரை கோடாக்ரோமுக்கு நேரம் இருந்தது என்பதைத்தான் நாம் விழுங்க முடியாமல் விழுங்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலரின் அப்பாக்கள் அதற்கு இருபது வருஷம் முன்பே போய்விட்டார்கள். இடையில் நாம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம், பரணை ஒழித்தோம், கேமராவை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினோம்.

கேமராப் பையில் கிடந்த மற்றவற்றையும் விடவில்லை. பிலிம் வந்த காலி அட்டைப்பெட்டியில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். கேமரா கடைசியாக எப்போது வேலை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. அந்த ஆலையும் இன்று மூடிக் கிடக்கிறது. ஓர் இந்து பிலிம் பெட்டி பையில் இருந்தால் இரண்டு வரலாறுகள் ஒரே அட்டையில் இருந்தன என்று பொருள். குப்பைக்குப் போனது. ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்தபோது சுங்கத்தில் கட்டிய வரியின் ரசீது, கடைக்காரர் எழுதிய பில், மஞ்சள் ஃபில்டர், லென்ஸ் முன்னால் மாட்டும் குடை வளையம் எல்லாம் போயின. சேகரிப்பவர்கள் சந்தையில் சில மாடல்களுக்கு அந்த வளையத்துக்கே கேமராவுக்கு நிகரான விலை உண்டு. நெகட்டிவ்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரிண்டு இருக்கிறதே, இது எதற்கு என்றோம். பிரிண்டும் ஆல்பத்தில் பசையால் ஒட்டியது, கரையான் முதலில் தேடிப் போனதும் அந்தப் பசையைத்தான்.

ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பங்களின் குற்றம் இன்னும் கனமானது. அங்கே பரம்பரைச் சொத்தாக வந்தது முக்காலியோடு நிற்கும் மரக் கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற ஸ்டாண்டு கேமரா. அதை 'இங்கிலீஷ்காரன் காலத்து லண்டன் கேமரா' என்று சொல்லியே விற்றோம். முன்பலகையிலோ பக்கத்திலோ இருந்த பித்தளைத் தகட்டைப் படித்தவர்கள் குறைவு. பல தகடுகளில் இருந்த பெயர் வாகீஸ்வரி. ஆலப்புழையில் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த கருணாகரன் 1940-களில் செய்யத் தொடங்கிய கேமரா அது. ஒரு ஸ்டுடியோக்காரரின் கேமராவில் கிழிந்துபோன துருத்தியைச் சரிசெய்து கொடுத்ததில் தொடங்கியது கதை. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி பெரிய விஷயமாக இருக்கவில்லை. தேக்கும் பித்தளையுமாக அவர் செய்தவை இந்தியா முழுக்க ஸ்டுடியோக்களில் நின்றன. நம் ஊர்களுக்கும் வந்தன. சரஸ்வதியின் பெயரைத் தாங்கிய கேமராவுக்கு ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையில் சந்தனம் வைத்தோம். அதன் ஊரையும் செய்தவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. டிஜிட்டல் வந்ததும் ஓட்டல் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போகட்டும் என்று கொடுத்தோம். துருத்தி பிய்ந்து, லென்ஸ் இருந்த ஓட்டையில் பல்பு மாட்டிய நிலையில் சிலதைப் பின்னால் பார்க்க நேர்ந்தது.

அந்தக் கேமராக்கள் எடுத்த கண்ணாடித் தகடுகள் என்ன ஆயின? சுரண்டிக் கழுவி, படச் சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்டோம். பிலிம் நெகட்டிவ்களை வெள்ளிக்காக எடை போட்டு வாங்க ஆள் வந்தார்கள். மூட்டையாகக் கட்டிக் கொடுத்தோம். ஒரு ஊரின் இரண்டு தலைமுறைக் கல்யாணங்கள், பாஸ்போர்ட் முகங்கள், நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த கடைசிப் படங்கள் அந்த மூட்டைகளில் இருந்தன. கேமரா நமக்கு நேற்று வந்த பொருளும் இல்லை. சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது 1857-ல். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். காகித நெகட்டிவில் எடுத்த அந்தப் படங்கள் லண்டனில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அதே மதுரையில் 1958-ல் நம் ஸ்டுடியோக்கள் எடுத்தவற்றில் எத்தனை இருக்கும்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்படியெடுத்தார்கள். நிதி வந்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலிருந்து. அவர்கள் வந்து கேட்டபோதுதான் நம்மில் சிலருக்கு, கீழே போட்டது குப்பையில்லையோ என்று தோன்றியது. வெளியார் வந்து சொல்ல வேண்டியிருந்ததில் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கூச்சமும் இல்லாமல் இருப்பதற்கு இது தேவலை.

மதிப்பு என்பதை நாம் எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்பதற்கு மா. கிருஷ்ணனின் கேமராவைச் சொல்லலாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன், 1996-ல் காலமான காட்டுயிர் எழுத்தாளர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் பயன்படுத்தியது ஒரு கம்பெனியின் உடம்பும் இன்னொன்றின் லென்ஸுமாகத் தாமே பொருத்திக்கொண்ட ஒரு பிரம்மாண்டமான கலவை. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குக் கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். பெயர் தெரியாமல் அப்படியொன்று நம் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியிருந்தால் என்ன செய்திருப்போம்? விலைப்பட்டியல் எதிலும் அது இருக்காது. வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. சேகரிப்பவர் கையில் கொடுத்தால் 'ஒட்டுப்போட்டது சார், பார்ட்ஸுக்கு வேணா எடுத்துக்கலாம்' என்பார். நாமும் சரியென்று கொடுத்திருப்போம். கொஞ்சம் காட்டுக்கும் கேமராவுக்கும் பைத்தியமாக இருந்து, யாருக்கும் தெரியாமல் போன மாமாக்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். அவர்களுடைய ஒட்டுப்போட்ட கேமராக்களைப் பார்ட்ஸுக்குத்தான் கொடுத்தோம்.

கேட்டிருக்க வேண்டிய ஆட்கள் நம்மோடுதான் இருந்தார்கள். அம்மா இருந்தார், பெரியப்பா இருந்தார், எதிர்த்த வீட்டில் ரிட்டயர்டு ஓவர்சியர் ஒருவர் இருந்தார். இந்தக் கேமரா எந்த வருஷம் வந்தது, எந்தக் கடை, யார் ரோல் போட்டார், எங்கே கழுவினார்கள் என்று கேட்க ஒரு சாயங்காலம் போதும். நாம் கேட்டதோ ஆல்பத்தைப் புரட்டி 'இது யாரு, இது யாரு' என்பதை மட்டும். படத்தில் இருப்பவர்களைப் பற்றி விசாரித்தோம். எடுத்தவர் யார் என்று கேட்கவில்லை. கேமரா என்றால் தாத்தாவுடையது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். அத்தை பயிற்சிப் பள்ளியில் படித்தபோது வாங்கியதாக இருக்கக்கூடாதா? ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கிணற்றடியும் அடுக்களைப் பெண்களுமாக இருந்தபோதே அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த இடங்களுக்குள் கேமராவோடு நுழைய எந்தத் தாத்தாவுக்கு அனுமதி இருந்தது? அத்தை இருந்தவரை நமக்கு இந்த யோசனை வரவில்லை.

விற்ற கதையிலும் நமக்குப் பெருமையில்லை. இணையத்தில் யாரோ கேட்கிற விலையைப் பார்த்து அதுதான் மதிப்பு என்று எடுத்துக்கொண்டோம். கேட்கிற விலைக்கு மதிப்பே கிடையாது. விற்று முடிந்த விலை என்று தனியே தேடிப் பார்க்க வேண்டும். ஷட்டர் ஒரு நொடி என்று வைத்தால் ஒரு நொடிதான் திறக்கிறதா, துருத்தியை டார்ச் வைத்துப் பார்த்தால் ஊசி முனை வெளிச்சம் எங்காவது கசிகிறதா, லென்ஸுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் மூட்டமா தெளிவா என்றெல்லாம் சோதித்த பிறகே விலை பேச முடியும். நம் தரப்பில் 'நல்ல கண்டிஷன், அப்பா பத்திரமா வெச்சிருந்தார்' என்ற ஒற்றைச் சோதனையோடு போனோம். எதிரில் இருந்தவர் 'ஓடாது, ஷோவுக்குத்தான்' என்றார். பாகப்பிரிவினையில் நாமே சொன்ன வார்த்தை என்பதால் மறுக்க வாய் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கியிருக்கும் கேமராக்களைப் பார்த்து வியாபாரிகளைத் திட்டுவதில் நியாயமில்லை. அவர்கள் அவற்றைத் தூசி தட்டி, வெயில் படாமல், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நாம் அதைக்கூடச் செய்ததில்லை.

இன்னும் விற்காமல் மிஞ்சியிருப்பவை உண்டு. பெரும்பாலும் அந்தக் கிளிக் 3-தான், யாரும் கேட்காததால் தங்கியது. அதற்கு வேண்டிய 120 பிலிமை கோடாக் 1901-ல் கொண்டுவந்தது. இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், சென்னையில் வாங்கலாம், தபாலில் வரவழைக்கலாம். பழைய கோடாக் பெட்டிகளுக்கு வேண்டிய 620 ரோல் எளிதில் கிடைக்காது. ஆனால் அதுவும் அதே அகலம்தான், சுற்றியிருக்கும் உருளைதான் மெலிசு, இருட்டில் 120-ஐ அதன் பழைய உருளையில் சுற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிக்கில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை: ஒரு லென்ஸ், ஒரு ஸ்பிரிங், ஒரு தகடு. பூஞ்சையைத் துடைத்து ரோல் போட்டால் பன்னிரண்டு படம் வரும். ரோலும் கழுவுகிற கூலியும் சேர்ந்தால் கேமராவின் சந்தை விலையை எட்டிவிடும் என்பதால் இதுவரை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.